மட்டை பிடிக்க மட்டும் ஒருவர்



பேஸ்பாலில் பந்தெறிபவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை நியமிக்கும் முறையை அமெரிக்கன் லீக் 1973இல் ஏற்றது. நேஷனல் லீக் 2022இல் நிலையாக ஏற்றது. அவர் களத்தடுப்பில் நிற்க வேண்டியதில்லை.

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2023இல் புகுந்த 'இம்பாக்ட் பிளேயர்' விதியும் இதற்கு நெருக்கமானதே. ஆட்டத்தின் நடுவே ஒருவருக்கு மாற்றாக இன்னொருவரை இறக்கலாம். வெளியேறியவர் திரும்ப இயலாது. அவ்வாண்டின் முதல் ஆட்டத்தில் சென்னை அணி, மட்டையாளர் ராயுடுவை விடுத்துப் பந்துவீச்சாளர் தேஷ்பாண்டேயை இறக்கியது. பந்துவீச்சும் மட்டைவீச்சும் அறிந்த வாஷிங்டன் சுந்தர் போன்றோருக்கு இதனால் வாய்ப்புக் குறைகிறதென 2024இல் ரோகித் சர்மா வருந்தினார்.

கைலாசபுரத்துத் திடல்களில் ஆடும் நம் பிள்ளைகளையேனும் ஒரு வேலைக்கென ஒதுக்கிவிடாதீர்கள். எறியட்டும், அடிக்கட்டும், ஓடிப் பிடிக்கட்டும். எவரிடம் எத்திறமையை அல்லாஹ் வைத்திருக்கிறான் என்பதை நாம் முன்னரே அறியோம்.