இரண்டு அங்குலத் துணி

பிள்ளைகள் வளர்கிறார்கள். எவரும் மறுக்கவியலாத இந்த உண்மையை, பள்ளிச் சீருடையைத் தைப்பவர்களும் விற்பவர்களும் வாங்கச் சொல்பவர்களும் மட்டும் ஆண்டுதோறும் மறந்துவிடுகிறார்கள். ஜூனில் கணுக்காலைத் தொட்ட கால்சட்டை பொங்கல் விடுமுறை முடிந்து திரும்புகையில் கெண்டைக்காலுக்கு ஏறியிருக்கும். பெற்றோர் இதைத் தங்கள் வறுமை என்று எண்ணித் தலைகுனிகிறார்கள். பிள்ளையோ தன் உடம்பின் குற்றம் என்று எண்ணிக் கூசுகிறது. குற்றம் இருவருடையதும் அன்று, உடையைத் தைத்த விதத்தினுடையது என்பதே எங்கள் வாதம்.

சீருடையைப் பற்றி எழுத இலக்கியப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். தோள் இறங்கிய தொளதொளச் சட்டையை ஏழ்மையின் குறியீடாக்கி நம் சிறுகதைகள் எத்தனை முறை பயன்படுத்தியிருக்கின்றன! அந்தச் சட்டையைக் கண்டு கண்கலங்கிய நாம், அது ஏன் தொளதொளவென்று தைக்கப்பட்டது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? 'வளர்ற புள்ள, கொஞ்சம் லூசாவே தைங்க' என்று தையற்காரரிடம் சொன்ன தாயின் குரலில் இருந்தது இரக்கத்துக்குரிய ஏழ்மை மட்டுமல்ல. அதில் ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கைத்தான் இன்று தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

எங்கள் திருக்கழுக்குன்றத்தில் சங்கு தீர்த்தக் குளம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் சங்கு பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு சங்குக்கும் மறு சங்குக்கும் இடைப்பட்ட காலத்தில் முதல் வகுப்பில் நுழைந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறிவிடுகிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது ஏறத்தாழ அரை மீட்டர் உயர்கிறது. குளத்துக்குத் தெரிந்த கால அளவு கடைக்காரருக்குத் தெரியவில்லை.

வளர்ச்சி சீராக நடப்பதுமில்லை. ஐந்து வயதுக்குப் பின் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. என்று நிதானமாக ஏறும் உயரம், பருவமெய்தும் காலத்தில் திடீரென்று பாய்கிறது. பெண்பிள்ளைகள் 11, 12 வயதை ஒட்டி ஓராண்டில் 8 செ.மீ. வரையிலும், பையன்கள் 13, 14 வயதை ஒட்டி 9, 10 செ.மீ. வரையிலும் வளர்வதுண்டு. அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பாதம் நீளும், அடுத்துக் கால், அதற்கும் பிறகே உடற்பகுதி. செருப்பு கடித்த சில மாதங்களில் கால்சட்டை குட்டையாவதும், அதற்கும் பிறகு சட்டை தோளில் பிடிப்பதும் இதனால்தான். ஒரே வகுப்பில் ஒரே வயதுடைய இரு பிள்ளைகளுக்கிடையே ஒரு சாண் உயர வேறுபாடு இருப்பது இயல்பு.

இப்படியிருக்க, வயதைக் கேட்டு உடையை எடுத்துப்போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1930களின் இறுதியில் வேளாண்மைத் துறையின் கீழிருந்த மனையியல் பிரிவு ஏறத்தாழ 1,47,000 சிறுவர் சிறுமியரை அளந்தது. ரூத் ஓப்ரியன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, உடையின் அளவுக்கு வயது நம்பத்தக்க வழிகாட்டி அல்ல, உயரமும் இடுப்புச் சுற்றளவும்தான் வழிகாட்டிகள் என்று காட்டியது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் கடைகளில் இன்றும் 'பையன் எத்தனாவது?' என்பதுதான் முதற் கேள்வி.

நம் நாட்டில் அளவெடுக்கவே இல்லையா என்றால், எடுத்தார்கள். தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட்டும் மத்திய ஜவுளி அமைச்சகமும் 2018இல் அறிவித்த 'இந்தியாசைஸ்' திட்டம், ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாணக் கருவி கொண்டு அளப்பது என்று வகுக்கப்பட்டது. யாரை? 15 வயது முதல் 65 வயது வரை உள்ளவர்களை. எந்த வயதில் உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறதோ, எந்த வயதில் அளவு உண்மையிலேயே தேவைப்படுகிறதோ, அந்த வயது விடுபட்டது. வளர்ந்து முடித்தவர்களை அளக்க விஞ்ஞானம், வளர்கிறவர்களுக்கு உத்தேசம்!

பழைய தையற்காரர் இந்தச் சிக்கலை விஞ்ஞானம் இல்லாமலே தீர்த்து வைத்திருந்தார். பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார். ஆண்டுக்கொன்றாகப் பிரித்தால் பாவாடை பிள்ளையோடு சேர்ந்து நீளும். கால்சட்டையின் அடியில் துணியை உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங் செய்வார். பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணி விட்டுவைப்பார். நாடா கோத்த இடுப்பு, எத்தனை பருத்தாலும் இளைத்தாலும் இசைந்து கொடுக்கும். உடை என்பது முடிந்துபோன பொருளன்று, மீண்டும் மீண்டும் திறக்கப்பட வேண்டியது என்ற அறிவு அந்தத் தையலில் இருந்தது.

ஆயத்த உடை இதை ஒழித்தது. ஓவர்லாக் இயந்திரம் தைத்த விளிம்பை ஒட்ட வெட்டிவிடுகிறது. உள்ளே பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தனியார் பள்ளிகள் பல, குறிப்பிட்ட ஒரு கடையில்தான் வாங்க வேண்டும் என்று வேறு சொல்கின்றன. எங்கள் வட்டாரப் பள்ளியொன்றில், வெளியே தைத்த கால்சட்டையின் நிறம் 'அரை மாற்றுக் குறைவு' என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியதை நாங்கள் அறிவோம். நிறத்தில் இத்தனை கண்டிப்புக் காட்டுவோர் அளவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

துணி மிச்சம் விட்டால் விலை கூடும் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஆண்டுக்கு 9 செ.மீ. உயரும் பிள்ளைக்கும் காலின் நீளம் அதில் ஏறத்தாழப் பாதிதான் கூடும். ஆகவே இரண்டு அங்குல மடிப்பு ஓராண்டுக்குப் போதும். அகலத் துணியில் இரண்டு கால்களையும் அருகருகே வைத்து வெட்டினால் கூடுதலாகத் தேவைப்படுவது 5 செ.மீ. நீளத் துணி. மீட்டர் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அதன் விலை 10 ரூபாய். இந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் நடு ஆண்டில் ஒரு புதுக் கால்சட்டை வாங்க வைக்கிறார்கள்.

இன்னோர் எதிர்வாதம் உண்டு; அதை நாங்கள் மதிக்கிறோம். பிரித்துவிட்ட இடத்தில் வெளுக்காத துணி கோடாகத் தெரியும், மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது. உண்மைதான். மாமல்லபுரக் கடற்கரைப் பக்கத்து வெயிலில் உலரும் துணி சீக்கிரம் வெளுக்கும். ஆனால் கோடு அவமானமாவது சிலருடைய காலில் மட்டும் இருக்கும்போதுதான். எல்லாக் கால்சட்டைகளும் பிரித்துவிடத்தக்கவையாகத் தைக்கப்பட்டால், எல்லாக் காலிலும் கோடு இருக்கும். அது வளர்ந்ததன் அடையாளமாகிவிடும். சீருடை என்ற ஏற்பாட்டின் நியாயமே அதுவல்லவா?

அரசின் விலையில்லாச் சீருடைத் திட்டத்தையும் இங்கே பேசியாக வேண்டும். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இத்திட்டம், 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணை என்று விரிந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணி, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் தையல் என்று பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் திட்டம் இது. இதை ஏளனம் செய்வோரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, நான்கு இணையும் ஒரே அளவில் ஏன்? இரண்டை இன்றைய அளவுக்கும் இரண்டை மடிப்பு விட்டும் தைத்தால் ஆண்டு முழுவதற்கும் உதவாதா? மற்றொன்று இன்னும் முக்கியமானது. திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு வயது பதினான்கு. பள்ளிப் பருவத்திலேயே மிக வேகமாக வளரும் காலம். சரியாக அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இனி உன் பாடு என்கிறோம்.

மேலைநாடுகளில் பனிச்சறுக்கு ஆடை என்றொன்று உண்டு. விலை அதிகம், அணிவதோ ஒரு பருவம். அடுத்த குளிர்காலத்துக்குள் பிள்ளை வளர்ந்துவிடும். ஆகவே சில நிறுவனங்கள் கையிலும் காலிலும் உள்மடிப்பு வைத்து, வேறு நிற நூலால் தைத்து விற்கின்றன. நூலை அறுத்தால் ஒன்றரை அங்குலம் நீளும். லண்டனில் ரயான் யாசின் என்ற இளைஞர், துணியில் நுண்மடிப்புகள் அமைத்துக் குழந்தையோடு விரியும் உடையை வடிவமைத்து 2017இல் பிரித்தானிய ஜேம்ஸ் டைசன் விருது பெற்றார். மகிழ்ச்சி. ஆனால் பனி மலையில் சறுக்கும் பிள்ளைக்குப் புதுமை என்று போற்றப்படுவது, நம் பாட்டிமார் பாவாடையில் டக் பிடித்தபோது கஞ்சத்தனமாகத் தெரிந்தது ஏன்?

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஏழாம் வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். விடை தெரிந்த சிறுமி கையைத் தூக்கவில்லை. தூக்கினால் குட்டையாகிப்போன சட்டை மேலேறும், அக்குளில் தையல் விடும். அவள் விளையாட்டு வகுப்பில் ஓரமாக நிற்கிறாள். பிறகு ஒருநாள் வயிற்றுவலி என்று வராமலே இருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. உடையின் அளவை வயதால் அல்லாமல் உயரத்தாலும் சுற்றளவாலும் குறியுங்கள். எந்தச் சீருடையானாலும் இரண்டு அங்குல மடிப்பைக் கட்டாயமாக்குங்கள். விலையில்லாச் சீருடையைப் பத்தாம் வகுப்பு வரையிலேனும் நீட்டுங்கள். மூன்றுக்கும் ஆணைக்குழு வேண்டியதில்லை. ஒரு நாடாவும் கத்தரிக்கோலும் சிறிது அக்கறையும் போதும். தொளதொளச் சட்டையைப் பற்றி இன்னொரு சிறுகதை எழுத உட்காரும் நண்பர்கள், அதற்குமுன் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு இந்த மூன்றையும் ஒரு விண்ணப்பமாக எழுதி அனுப்பினால் நலம்.