முதுகுவலி என்று திருப்பி அனுப்பாதே!



பிரட்டுக்களத்தில் "முதுகு வலிக்குதுங்க" என்று சொல்லும் கொழுந்துப் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில் நம் எல்லோருக்கும் தெரியும். "மலையில வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும்." அவள் தைலத்தைப் பூசிக்கொண்டு மறுபடியும் கூடையைத் தூக்குகிறாள்.

பெரும்பாலும் அது உழைப்பின் வலிதான். ஆனால் சில வேளைகளில் முள்ளந்தண்டைக் காசநோய் அரிக்கும் வலியாகவும் இருக்கும். காசநோய் நெஞ்சுக்கு மட்டும் வருவதல்ல. முள்ளந்தண்டில் இறங்கினால் சீழ் கட்டி முண்ணாணை நெரிக்கும். காலம் கடந்தால் கால்கள் விளங்காமல் போகும்.

எலும்பு நிறையக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே இதைத் தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. முந்திக் காட்டும். அந்த இயந்திரத்தின் பெரிய காந்தம், உடம்பிலுள்ள நீரின் ஐதரசனைக் கொண்டு படம் எடுக்கிறது. சீழும் வீக்கமும் நீர் நிறைந்தவை. ஆகவே எலும்பு இடியுமுன்பே தெரிந்துவிடுகின்றன. மூளையில் கட்டும் சீழையும் மூளையழற்சியையும் இப்படியே காணலாம். எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. எந்தக் கிருமி என்பதைப் படம் மட்டும் சொல்லாது. சீழையோ முதுகிலிருந்து எடுக்கும் நீரையோ சோதிக்க வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம்.

எல்லா முதுகுவலிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறோமா? இல்லை. வாரக்கணக்கில் ஆறாத வலியோடு மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, கால் மரத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பு என்கிறோம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, பிதற்றல் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

இதை நாம் சண்டிலிப்பாயிலிருந்து எழுதுகிறோம். இங்கே வீதிக்கு வந்து பஸ் ஏறினால் மானிப்பாய் தாண்டி யாழ்ப்பாணம். அங்கே போதனா வைத்தியசாலை. ஏழைக்கு இங்கும் கஷ்டம் உண்டு. ஆனால் மேற்பிரிவு லயத்திலிருந்து நோயாளியை இறக்கத் தோட்டத்து லொறியைக் கெஞ்ச வேண்டிய நிலை இங்கில்லை. வைத்தியசாலைக்குப் போன நாளுக்கு நமக்குப் பேர் இல்லை. 2024இல் போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில், தனியாரிடம் எடுக்கும் ஒரு ஸ்கான் ஒரு மாத உழைப்பையே விழுங்கிவிடும். அதனால்தான் நம் சனம் தைலத்தோடு இருந்துவிடுகிறது. அறியாமை என்று நம்மைப் பழிப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்!

இன்னொன்று. பக்கத்து ஊரான மானிப்பாயில்தான் 1848 முதல் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். பிறகு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அப்படியிருக்க, நம் கையில் தரும் ஸ்கான் அறிக்கையைத் தமிழில் விளக்க ஆளில்லை என்பதை நாம் ஏன் ஏற்கவேண்டும்?

நம் கோரிக்கைகள் நான்கு:

1. மேற்சொன்ன அறிகுறிகள் உள்ளவரைத் தோட்ட வைத்திய உதவியாளர் அன்றே கடிதம் கொடுத்து அனுப்பவேண்டும்.

2. நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் முழுப்பேர் போடவேண்டும்.

3. நோயாளியை லொறியில் ஏற்றக்கூடாது. தோட்ட நிர்வாகம் தகுந்த வாகனம் தரவேண்டும்.

4. அறிக்கையைத் தமிழில் விளக்கவேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலும் தலைவர்மார் கூட்டத்திலும் இதை வாசியுங்கள். உங்கள் லயத்தில் வலியோடு படுத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். பெயரைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். கூடை சுமக்கும் முதுகு முறியுமுன் நாம் பேசவேண்டும்!