வாசல்ல உண்டியல் வெச்ச போன் கம்பெனிகள்

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். போன் கம்பெனிக்காரங்க "நியாயமான பங்கு"ன்னு ஆரம்பிச்சாலே எனக்கு பி.பி. எகிறுது. நீங்க வாட்ஸ்அப்ல பேசறீங்களா, அந்தப் பேச்சு எங்க ரோட்டுல ஓடுது, அதனால வாட்ஸ்அப் எங்களுக்குக் கப்பம் கட்டணும்ங்கறது அவங்க வாதம். 2023-ல ட்ராய் இதைப் பத்திக் கருத்துக் கேட்டப்போ ஏர்டெல், ஜியோ, வோடஃபோன் ஐடியா மூணு பேரும் ஒரே சுருதியில பாடினாங்க. அதுவரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிக்கிட்டிருந்த ஆளுங்க இப்படிக் கோரஸ் பாடினா, நாம முதல்ல சட்டைப் பையைத் தடவிப் பாத்துக்கறது நல்லது.

ஏன்னா இதே பாட்டை நாம ஏற்கனவே ஒரு தடவை கேட்டிருக்கோம். அப்போ அதுக்குப் பேரு ஐ.யூ.சி.

விஷயம் ரொம்ப சிம்பிள். நான் ஒரு கம்பெனி சிம்ல இருந்து உங்களுக்குப் போன் போடறேன், உங்க சிம் வேற கம்பெனி. உங்க கம்பெனி அந்தக் காலை வாங்கி, உங்க பக்கத்து டவர் வழியா உங்ககிட்ட சேர்க்குது. அதுக்குக் கூலியா என் கம்பெனி உங்க கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கொடுக்கணும். மாசக் கடைசியில ரெண்டு பேரும் நோட்டைப் பிரிச்சு, மொய்க்கணக்கு மாதிரி, யாரு யாருக்கு எவ்வளவு பாக்கின்னு கழிச்சுக்குவாங்க.

2003-ல இன்கமிங் இலவசம் ஆச்சே, ஞாபகம் இருக்கா? அதுவரைக்கும் செல்போன்ல வர்ற காலுக்கும் நாமதான் அழுதோம். அன்னையிலேருந்து கூப்பிடறவர் கொடுக்கணும்னு ஆச்சு. அவர் கொடுக்கறதுல ஒரு பங்கு எடுக்கறவரோட கம்பெனிக்குப் போச்சு. 2004-லேருந்து நிமிஷத்துக்கு 30 பைசா. 2009-ல 20. 2015-ல மொபைலுக்கு மொபைல் 14. 2017 அக்டோபர்ல 6. கடைசியா 2021 ஜனவரி 1-லேருந்து பூஜ்யம்.

கூலி கேக்கறதுல என்ன தப்புன்னு நீங்க கேக்கலாம். கூலி தப்பில்லை சாமி. கூலின்னா பேரம் பேச முடியணும். உங்க நம்பருக்கு நான் பேசணும்னா உங்க கம்பெனி வழியாத்தான் வந்தாகணும், பக்கத்துத் தெரு வழியா வர முடியாது. ஒரு கோடி சந்தாதாரர் இருந்தா, ஒரு கோடி வாசல்லயும் உண்டியல் வெச்ச மாதிரி. காசு போடறது வெளியாளு, அதனால வீட்டுக்காரருக்கு வலிக்காது. அவர் இதுக்காகக் கம்பெனியை மாத்தப் போறதும் இல்லை. போட்டியே இல்லாத இடத்துல விலை எப்படிக் குறையும்? ட்ராய் தலையிட்டுக் குறைச்சாத்தான் உண்டு.

செலவுக்கு ஏத்த கூலிதான் வாங்கறோம்னு சொல்வாங்களே, அதையும் பாப்போம். 2015-ல ட்ராய் லேண்ட்லைன் சம்பந்தப்பட்ட கால்களுக்கு இந்தக் கட்டணத்தை மொத்தமா எடுத்துருச்சு. லேண்ட்லைன் வளரட்டும்ங்கறது காரணம். அதே சமயத்துல வெளிநாட்டுலேருந்து வர்ற காலுக்கு 40 பைசாவை 53 ஆக்கினாங்க. யோசிச்சுப் பாருங்க. அதே டவர், அதே போன், அதே மணிச்சத்தம். பக்கத்து ஊர்லேருந்து கூப்பிட்டா 14 பைசா, துபாய்லேருந்து கூப்பிட்டா 53 பைசா. கடைசி ஒரு கிலோமீட்டர்ல துபாய்க்காரன் குரல் மட்டும் நாலு மடங்கு வெயிட்டா என்ன?

இந்த வித்தியாசத்துல பொறந்த குழந்தைதான் சிம் பாக்ஸ். வெளிநாட்டுக் காலை இன்டர்நெட் வழியா ஒரு வாடகை ரூமுக்குக் கொண்டு வர்றது, அங்கே ஒரு பெட்டியில சொருகி வெச்சிருக்கற பத்து நூறு சிம்ல ஒண்ணு வழியா லோக்கல் காலா வெளிய விடறது. அக்கா மகன் சவூதியிலேருந்து கூப்பிடறான், திரையில ஏதோ உள்ளூர் நம்பர் தெரியுது. இந்த மாதிரி ரூம்களை போலீஸ் பிடிக்கற செய்தி நம்மூர் பேப்பர்லயும் வருது. பிடிக்கட்டும், வேணாம்னு சொல்லலை. ஆனா உள்ளூருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்கு ஒரு விலைன்னு வெச்சா நடுவுல ஒருத்தன் கடை போடத்தான் செய்வான். 2018-ல 30 பைசாவுக்கு இறக்கினாங்க. 2020-ல மறுபடி 35-லேருந்து 65 பைசாவுக்குள்ள பேசிக்கோங்கன்னு ஏத்திட்டாங்க. உள்ளூருக்குப் பூஜ்யம் வரப்போற நேரத்துல!

இப்போ கம்பெனிகளோட கொள்கைப் பிடிப்பைப் பாப்போம் :-)

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. பேசறது இலவசம்னாங்க. அவங்க நெட்வொர்க்ல பேச்சே டேட்டாதான், உள்ளுக்குள்ள வாட்ஸ்அப் காலுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனா மத்த நெட்வொர்க் வாசலுக்குப் போனா பழைய சர்க்யூட் வழியாத்தான் நுழையணும், ஒரு ஈ-ஒன் லைன்ல ஒரே நேரத்துல 30 பேர்தான் பேச முடியும். போதுமான லைன் தரலைன்னு ஜியோ புகார் பண்ணுச்சு. கால்கள் கூட்டம் கூட்டமா ஃபெயில் ஆச்சு. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூணுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போடலாம்னு ட்ராய் அந்த அக்டோபர்லயே பரிந்துரை பண்ணுச்சு. அவங்களோ, ஓசிக் கால் வெள்ளமா வருது, 14 பைசா பத்தாது, கூட்டிக் கொடுங்கன்னாங்க. ஜியோ சொன்னது: இந்தக் கட்டணமே அநியாயம், பூஜ்யமாக்குங்க.

பூஜ்யம் 2020 ஜனவரியிலேயே வந்திருக்கணும். ட்ராய் தள்ளிப்போடற மாதிரி தெரிஞ்சதும், 2019 அக்டோபர்ல ஜியோ மத்த நெட்வொர்க் காலுக்கு நிமிஷத்துக்கு 6 பைசா நம்மகிட்டயே வசூல் பண்ண ஆரம்பிச்சுது. அதே நேரத்துல நடந்த இன்னொரு கூத்து, மணி அடிக்கற நேரம். சட்டுனு மணியை நிறுத்திட்டா அது மிஸ்டு கால். எடுக்க ஓடி வந்தவர் திருப்பிக் கூப்பிடுவார். கூலி கொடுக்க வேண்டிய கம்பெனி கூலி வாங்கற கம்பெனியாயிடும்! இப்படிப் போட்டி போட்டு 20, 25 செகண்டுக்கு இறக்கினாங்க. கடைசியில மொபைலுக்கு 30 செகண்ட், லேண்ட்லைனுக்கு 60 செகண்ட்னு ட்ராய் சட்டம் போட வேண்டியதாச்சு. முட்டிவலியோட கூடத்துலேருந்து எழுந்து வர்ற பாட்டியைப் பத்தி இதுல எவனாவது நினைச்சானா?

கம்பெனிகள் சொல்றதுல ஒரே ஒரு வாதத்தை நான் மதிக்கறேன். கிராமத்துல நிறைய பேர் கூப்பிடறதே இல்லை, எடுக்க மட்டும்தான் செய்வாங்க. அவங்களால வர்ற வருமானமே இந்தக் கூலிதான், அது போனா அங்கே டவர் எப்படி ஓடும்னு கேட்டாங்க. சரி, நியாயமான கேள்வி. ஆனா பதில் என்ன பண்ணாங்க? 2018 கடைசியிலயே குறைந்தபட்ச ரீசார்ஜ்னு 35 ரூபாய் கொண்டு வந்தாங்க. இன்னும் கூலி 6 பைசா வந்துக்கிட்டிருக்கும்போதே! திருவாரூர் பக்கம் எங்க பெரியம்மா வெச்சிருக்கறது பட்டன் போன். மகன் கூப்பிட்டா எடுப்பாங்க, அவ்வளவுதான். ரீசார்ஜ் தேதி தாண்டினதும் இன்கமிங் கட். எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டாம், எல்லாருமே ஒரே குட்டைதான். 2003-ல ஒழிஞ்ச இன்கமிங் கட்டணம் கொல்லைப்பக்கமா வந்து உக்காந்துருச்சு. டேட்டாவே வேண்டாதவங்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் கொடுங்கன்னு ட்ராய் சொல்லவே 2024 டிசம்பர் ஆச்சு.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல அயோவா மாதிரி மாநிலங்கள்ல கிராமத்துப் போன் கம்பெனிகளுக்கு இந்தக் கூலி ரொம்ப அதிகமா இருந்துச்சு. அவங்க என்ன பண்ணாங்க? இலவச கான்ஃபரன்ஸ் கால் நடத்தறவங்களைக் கூட்டிட்டு வந்து, நாடு பூரா அந்த நம்பருக்குக் கூப்பிட வெச்சு, வந்த கூலியைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2009-ல கூகுள் வாய்ஸ் அந்த மாதிரி நம்பர்களை பிளாக் பண்ணி, அது பெரிய சண்டையாச்சு. 2011-ல அமெரிக்க ஆணையமும், அவங்கவங்க செலவை அவங்கவங்க வாடிக்கையாளர்கிட்ட வாங்கிக்கோங்கங்கற முறைக்குப் போக முடிவு பண்ணுச்சு.

இப்போ ஆரம்பிச்ச இடத்துக்கு வருவோம். வாட்ஸ்அப் கால் ஒரு நிமிஷம் பேசினா பெரும்பாலும் ஒரு எம்.பி. கூட ஆகறதில்லை. அந்த எம்.பி.க்கு நான் ஏற்கனவே ரீசார்ஜ் பண்ணியாச்சு. டேட்டாவை இழுக்கறது நான், அவன் பாட்டுக்கு வந்து கொட்டலை. அப்போ இன்னொரு தடவை எதுக்குக் காசு? 2014 டிசம்பர்லயே ஏர்டெல் இன்டர்நெட் காலுக்குத் தனி ரேட் போடப் பாத்து, ஊரே கூடித் திட்டினதும் பின்வாங்குச்சு. இப்போ நம்மகிட்ட கேக்காம வாட்ஸ்அப்கிட்ட கேக்கறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். தென்கொரியாவுல நெட்வொர்க் கட்டணம் மத்த நாடுகளை விடப் பத்து மடங்குன்னு சொல்லி, ட்விட்ச் 2024 பிப்ரவரியில கடையைக் கட்டிட்டுப் போச்சு. நஷ்டம் அந்த ஊர் ஜனத்துக்குத்தான்.

வாங்கற இடத்துல இருந்தா கூலி நியாயம், கொடுக்கற இடத்துல இருந்தா அநியாயம். 2017-ல "கூலியே வேண்டாம்"னு சொன்ன ஜியோ 2023-ல பங்கு கேட்டு நிக்குது. இதுல கொள்கை எங்கே இருக்கு? அடுத்த தடவை யாராவது "எங்க ரோடு, எங்க பங்கு"ன்னு வந்தா மூணே மூணு கேள்வி கேளுங்க. என் ரீசார்ஜ் காசு எதுக்கு? உன் செலவுக் கணக்கு எங்கே? எங்க பெரியம்மாவுக்கு இன்கமிங் எப்போ திரும்பி வரும்?

டிஸ்கி: எந்தக் கம்பெனியிலயும் எனக்குப் பங்கு கிடையாது. சிம் மட்டும் ரெண்டு இருக்கு. ரெண்டுக்கும் ரீசார்ஜ் பண்ணியே சொத்து கரையுது :-(