சர்வர் என்னை வெளியே தள்ளிவிட்டது சார்!

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் போனில் புலம்பினான். "வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகிறேன் சார். சாப்பிட்டுவிட்டு வந்தால் திரை உறைந்து கிடக்கிறது. பாதி ஓடிய பேக்கப்பும் போச்சு. டைம்அவுட்டையே எடுத்துவிடச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். காரணத்தை எல்லோருக்குமே சொல்லிவிடுகிறேன். கணினிப் பக்கம் வராத சொந்தக்காரர்கள் இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படித் துண்டிப்பது பல நேரங்களில் சர்வரே இல்லை. நடுவில் இருக்கும் ரவுட்டரோ ஃபயர்வாலோ, கொஞ்ச நேரம் பேச்சுமூச்சில்லாத இணைப்பைத் தன் கணக்கிலிருந்து அழித்துவிடும். அதற்கு மருந்து உன் மடிக்கணினியிலேயே இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 60' என்று ஒரு வரி போதும். ஒரு நிமிடம் சத்தமில்லை என்றால் "இருக்கிறாயா?" என்று அதுவே கேட்டுக்கொள்ளும். பேக்கப் போன்ற நீண்ட வேலையை டிமக்ஸுக்குள் ஓட்டினால், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

நான் சண்டை போடுவது வேறு விஷயத்துக்கு. சர்வரில் 'கிளையன்ட்அலைவ்இன்டர்வல் 300' என்று போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் ஆளை வெளியேற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். வெளியேற்றாது! சர்வர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது நீ இல்லை, உன் மென்பொருள். நீ குறட்டை விட்டாலும் அது "உள்ளேன் ஐயா" சொல்லும். (நண்பனுக்காக வருகை சொன்னவர்களுக்கு இது உடனே புரியும். எனக்கு அப்போதே தெரியும்.) முன்பு கவுண்ட்மேக்ஸை 0 என்று வைத்து ஆளைத் துண்டித்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2 முதல் 0 என்றால் துண்டிக்கவே வேண்டாம் என்று பொருள். பழைய குறிப்பைப் பார்த்து அப்படியே எழுதினால் நேர் எதிராகிவிடும்.

ஆளில்லாத திரையை மூட, பாஷில் 'டிஎம்அவுட்' 600 என்று வையுங்கள். பத்து நிமிடம் கட்டளை எதுவும் வராவிட்டால் வெளியேற்றிவிடும். விம் திறந்து கிடந்தால் மட்டும் அதன் கை எட்டாது. 9.2-இல் வந்த 'சேனல்டைம்அவுட்' அதற்கு உதவும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? வேலையில் இருந்தபோது ஒருநாள் ரூட்டாக நுழைந்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மதிப்பெண் கோப்புகள் எல்லாம் அந்த சர்வரில்தான். திரும்பி வந்தால் என் நாற்காலியில் பிளஸ் ஒன் பையன்! பாவம், எதையும் தொடவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

போன் செய்தவன் தன் பக்கத்து வரியை இரவே சேர்த்துவிட்டான். இனி இணைப்பு அறாது. ஆளில்லாத திரையும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். டிஎம்அவுட் வைக்கச் சொன்னால், "அட்மின் ஏற்கெனவே 300 போட்டிருக்கிறார் சார், அதுவே போதுமாம்" என்கிறான். அந்த அட்மினும் நம் பள்ளிப் பிள்ளைதான். தம்பி, இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் போடு.