புண்ணாக்கு மூட்டையில் புகுந்த நஞ்சு



இராசபாளையத்திலிருந்து வந்து திருவில்லிபுத்தூரில் இறங்குவோரைப் பால்கோவா மணமன்றோ வரவேற்கிறது! 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற பண்டம் அது. பாலும் சர்க்கரையும் உழைப்பும் தவிர அதில் வேறென்ன இருக்கிறது என்பீர்கள்.

பாலில் என்ன இருக்கிறது? கேள்வி அதுதான். 2018-இல் நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை ஆராய்ந்தது. கலப்பட நஞ்சு கண்டவை 12 மட்டுமே. 368 மாதிரிகளிலோ, ‘அஃப்ளடாக்சின் எம்1’ என்னும் நஞ்சு வரம்பு மீறியிருந்தது. அவற்றுள் 88 நம் தமிழகத்தவை! பூஞ்சை பிடித்த புண்ணாக்கைப் பசு தின்கிறது. நஞ்சு மடிக்கு இறங்குகிறது. காய்ச்சினாலும் அழியாது. பால் சுண்டும்; நஞ்சு சுண்டுமா?

பால்மானி தண்ணீரைத்தான் காட்டும். இந்த நஞ்சைக் காட்ட வல்லது உயிர் உணரி. நஞ்சை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளை அதில் பதித்திருப்பர். பற்றிய மறுகணம் அது மின்குறியாக மாறும். 1962-இல் லேலண்ட் கிளார்க் இரத்தச் சர்க்கரையை அளக்கத் தொடங்கிவைத்த வழிதான். நீரிழிவு நோயாளியின் கைப்பைக்குள் வந்துவிட்ட அறிவு, பால் சங்கத்து வாசலுக்கு வர ஏன் தயங்க வேண்டும்?

ஆனால், இரண்டு மாடு வளர்க்கும் ஏழைத்தாயின் பாலைத் தெருவில் கொட்டவா அக்கருவி? கூடாது! முதற்சோதனை தீவனக் கிடங்கில் நடக்கட்டும். கருவியின் செலவை அரசு ஏற்கட்டும். அடுத்த கூட்டுறவுச் சங்கப் பேரவையில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.