பெயரும் பொருளும்: அருணன்

இம்முறை எனது வீட்டுக் கதையோடு தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இளைய மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஊர் வழக்கப்படி 31ஆம் நாள் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்போம். கியூபெக்கிலோ 30 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவுக்குக் கொடுக்கவேண்டும். நட்சத்திரம் கார்த்திகை. அ, இ, உ, எ என்பவற்றில் ஒன்று முதலெழுத்தாக வரவேண்டும். நான் அருணன் என்றேன்.

ஊரிலிருந்து மாமி தொலைபேசியில் மறித்தா. "தம்பி, அது கால் இல்லாதவன்ரை பெயர். குறைமாதப் பிள்ளைக்கு வேண்டாம்" என்றா. மனைவி அழத் தொடங்கிவிட்டா.

மாமி சொன்னது பொய்யல்ல. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் அந்தக் கதை உண்டு. காசிபரின் மனைவி விநதை இரண்டு முட்டைகள் இட்டாள். சக்களத்தி கத்துருவின் முட்டைகள் முதலில் பொரித்துவிட, பொறுக்கமாட்டாமல் ஒன்றை உடைத்தாள். உள்ளே மேலுடம்பு மட்டும் வளர்ந்த பிள்ளை. அவன்தான் அருணன். அவசரப்பட்ட தாயை அடிமையாகும்படி சபித்தான். மற்ற முட்டையைப் பொறுமையாகக் காத்தால் அந்தப் பிள்ளை உன்னை மீட்பான் என்றும் சொன்னான். அப்படிப் பிறந்தவன் கருடன்.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் குறைமாதப் பிள்ளைதான் சூரியனுக்குத் தேரோட்டி ஆனான். அவன் முன்னே வராமல் பொழுது விடியாது.

வடமொழியில் 'அருண' என்றால் விடியற்கால வானத்தின் செந்நிறம். இருக்கு வேதத்திலேயே அச்சொல் உண்டு. தமிழில் 'அன்' விகுதி சேர்ந்து அருணன் ஆயிற்று. அசலம், கிரி இரண்டும் மலை. ஆகவே அருணாசலம், அருணகிரி இரண்டுக்கும் செம்மலை என்பதே பொருள். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்: படிவத்தில் கடைசி 'ன்' விடுபட்டால் அருணா என்ற பெண் பெயராகிவிடும். கவனம்.

28ஆம் நாள் இரவு வேலை முடிந்து பக்டரியால் வந்தேன். இல்-பிசார் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வானம் சிவந்து கிடந்தது. வீட்டுக்குள் வந்ததும் மனைவியிடம் சொன்னேன்: "விநதை முட்டையை உடைச்சவள். நீர் ஒண்டையும் உடைக்கேல்லை." அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனையை எடுத்துத் தானே அந்தப் பெயரை எழுதினா.

இப்போது அவனுக்கு ஆறு வயது. படிகளில் இரண்டிரண்டாகப் பாய்கிறான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பெயருக்குப் பொருள் கேட்டாவாம். "ஓப்" என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறான். விடியல் என்று அர்த்தம்.

உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெயரின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.