கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம்



கடைக்காரனுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். 1977-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் தகப்பனாரின் மளிகைக் கடையில் உட்கார்ந்தேன். அந்நாளில் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கித் தாள் கிழித்து, அதில்தான் கடுகும் சீரகமும் பொட்டலம் கட்டுவோம். ஒருநாள் கடைப் பையன் மடிக்க வேண்டிய தாளை வாசித்துக்கொண்டு நின்றான். "படிக்கவா உனக்குச் சம்பளம்?" என்று அதட்டித் தாளைப் பிடுங்கினேன். அடுத்த மாதமே அவன் வேலையை விட்டு நின்றுகொண்டான்.

இப்போது மொத்த வியாபாரத்தை என் மகன் பார்த்துக்கொள்கிறான். இரவில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. சமீபத்தில் படித்தவற்றில் நமக்குப் பயன்படும் மூன்று புத்தகங்களையும், பயன்படாத ஒரு வகையையும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. இவர் புதுச்சேரி வணிகர். துணி வியாபாரம் செய்தவர், சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தவர். கவர்னர் டூப்ளேக்ஸ் காலத்தில் தலைமைத் துபாஷியாகவும் இருந்தார். 1736-ல் எழுதத் தொடங்கி, 1761-ல் காலமாகும் வரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, ஊரில் வழக்கு நடந்தது, சண்டை மூண்டது என்று கண்டதும் கேட்டதும் எல்லாம் அதில் இருக்கிறது. கடன் பாக்கியையே மனக்கணக்கில் வைத்திருக்கும் நாம் இவரைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். குறையும் உண்டு. தன்னைப் பிறர் புகழ்ந்ததை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அக்காலப் பேச்சுத் தமிழ் என்பதால் முதலில் தடுமாறும். தினம் நான்கு பக்கம் போதும்.

இரண்டாவது, சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966-ல் வந்த நாவல். ஆசிரியர் நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தியவர். நம் இனத்தவர் என்றே சொல்லலாம். ஊர் நடுவே நிற்கும் ஒரு புளியமரம்; அதைச் சுற்றிக் கடைகள் பெருகுகின்றன. இரண்டு வியாபாரிகளின் போட்டி நகரசபைத் தேர்தல் வரை போகிறது. கடைசியில் ஒரு பாவமும் அறியாத மரம் பலியாகிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எதிர்க்கடைக்காரர்மேல் உள்ள கோபத்தில் எல்லோருக்கும் நிழல் தந்ததை வெட்டிய கதை நம் கடைவீதிகளிலும் உண்டு. சங்கக் கூட்டத்தில் பேச முடியாததை ஒரு நாவல் பேசுகிறது. கதைப் புத்தகம் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணம் மாறிவிட்டது.

மூன்றாவது, பேராசிரியர் தொ. பரமசிவன் எழுதிய 'அறியப்படாத தமிழகம்'. 1997-ல் வந்த சிறிய கட்டுரை நூல். உப்பு, உணவு, உடை என்று நாம் தினம் புழங்கும் பொருள்களின் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சொல்கிறது. சம்பா நெல்லும், உப்பளத்தைக் குறிக்கும் 'அளமும்' சேர்ந்ததே 'சம்பளம்' என்ற சொல் என்கிறார் அவர். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நெல்லும் உப்பும் விற்ற கடையில் நின்று, அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமலே ஒரு பையனை அதட்டியது நினைவுக்கு வந்தது.

பயன்படாத வகை எது? சில மாதங்களில் கோடீஸ்வரராகலாம் என்று ஆசை காட்டும் புத்தகங்கள். மகன் வாங்கி வந்ததில் இரண்டைப் படித்தேன். துணிவே மூலதனம் என்கிறார்கள். வராத பாக்கியை வசூலிப்பது எப்படி, வண்டு விழுந்த பருப்பை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. மேல்மூட்டை மட்டும் நல்ல சரக்காக வைத்த லோடு போலத்தான் அவை.

முடிவாக ஒரு வேண்டுகோள். நமது சங்கக் கட்டடத்தில் ஒரு அலமாரி ஒதுக்கி, உறுப்பினருக்கு ஒரு புத்தகம் வீதம் சேர்க்கலாம். முதல் தவணையாக மேலே சொன்ன மூன்றையும் நான் தருகிறேன். கடைச் சிப்பந்திகளும் எடுத்துப் படிக்க அனுமதி வேண்டும். மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் பையன் இரண்டு பக்கம் படித்தால் கடைக்கு நஷ்டம் வராது. இதை நான் மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.